ரேசாங் லா, 1962: ஒரு மாணவியின் பேச்சில் எது உண்மை, எது மிகை?

மண்டூர் ஆசிரியை கேட்டது:

மன்றத்தாருக்கு வணக்கம். உயர்தர வகுப்பில் பயிலும் என் மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்காகத் தானே ஒரு பேச்சை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். 1962 ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நடந்த போரில், லடாக்கின் சூசுல் பள்ளத்தாக்குக்கு அருகே ரேசாங் லா என்னும் மலைக்கணவாயைக் காத்து நின்ற கம்பனி என்னும் சிறு படைப்பிரிவு ஒன்று ஏறத்தாழ முழுவதுமாக மடிந்த கதை அது. அக்கம்பனியை நடத்திய மேஜரின் பெயர் சைத்தான் சிங். பெயரைக் கேட்டதும் வகுப்பில் எழுந்த சிரிப்பு, அவள் வாசித்து முடித்தபோது முற்றாக அடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேச்சு நன்றாகவே இருக்கிறது. ஆயினும் மூன்று இடங்கள் எனக்கு இடறுகின்றன. "120 பேர் நின்று 1,300 பேரை வீழ்த்தினார்கள்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாள். "அவர்கள் நின்றிராவிட்டால் சூசுலும் லே நகரமும் வீழ்ந்திருக்கும்" என்று இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறாள். பின்னால் இருந்த படைகள் ஏன் உதவிக்கு வரவில்லை என்பதைப் பற்றியோ பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. நடுவர் கேட்டால் பிள்ளை திகைத்துப்போவாள்.

இவற்றைவிட எனக்கு உள்ளூர இருக்கும் தயக்கம் வேறு. நம் பகுதியில் ஒரு பிள்ளை மேடையேறிப் போர்க்கள வீரம் என்று பேசத் தொடங்கினால், முன்வரிசையில் இருக்கும் பெற்றோரின் முகங்கள் எல்லாம் ஒரே விதமாக இருப்பதில்லை. 2009 ஆம் ஆண்டில் இந்த மாணவி கைக்குழந்தை. அவளுக்குப் போர் என்பது வாசித்து அறிந்த ஒன்று. அவளுடைய தாய்க்கு அப்படியல்ல. ஆகவே முழக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விடயம் அறிந்தோர் உதவுவீர்களா?


காரைதீவு ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிறு திருத்தம். திபெத்திய மொழியில் "லா" என்றாலே கணவாய்தான். "ரேசாங் லா கணவாய்" என்று பிள்ளை சொன்னால், நம் ஆட்கள் "நடுச்சென்டர்" என்று சொல்வதைப் போலாகிவிடும். ரேசாங் லா என்று மட்டும் சொல்லட்டும்.

இடத்தின் அமைப்பை விளங்கிக்கொண்டால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். சூசுலில் ஒரு விமான ஓடுபாதை இருந்தது. லே நகரத்தின் பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது. ஒக்ரோபர் மாதக் கடைசியில் ஏ.எம்.எக்ஸ்-13 வகையைச் சேர்ந்த சில இலகு போர்த் தாங்கிகளைக்கூட அன்டனோவ்-12 விமானங்களில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழையும் வழிகளைக் காக்கும் பொறுப்பு 114 ஆவது காலாட் பிரிகேட்டினுடையது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர், பிற்காலத்தில் இந்தியத் தரைப்படையின் தளபதியான பிரிகேடியர் ரெய்னா. பள்ளத்தாக்கின் தென்கிழக்கு வாயிலான ரேசாங் லாவில், குமாவோன் ரெஜிமென்டின் 13 ஆவது பட்டாலியனைச் சேர்ந்த சார்லி கம்பனி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 120 பேர். கடல் மட்டத்திலிருந்து 16,000 அடிக்கும் மேற்பட்ட உயரம். காக்க வேண்டிய முகப்போ இரண்டு கிலோமீற்றருக்கும் மேல் நீண்டது. கம்பனியின் உட்பிரிவுகளான ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பிளாட்டூன்கள் ஒன்றையொன்று எளிதில் எட்ட முடியாதபடி பிரிந்து நின்றன.

இங்கேதான் விடயம் இருக்கிறது. சூசுலில் இந்தியப் பீரங்கிகள் இருந்தன. ஆனால் அவற்றுக்கும் ரேசாங் லாவுக்கும் இடையில் ஒரு மலைமுகடு குறுக்கே நின்றது. அதனால் மற்ற நிலைகளுக்குக் கிடைத்த பீரங்கித் துணை இந்த ஒரு நிலைக்கு மட்டும் கிடைக்கவில்லை. குருங் குன்றில் நின்ற கூர்க்காக்களுக்குத் தாங்கிகளும் பீரங்கிகளும் கை கொடுத்தன; சார்லி கம்பனிக்கு மோட்டார் எனப்படும் அதன் சொந்தக் குண்டெறி குழல்களும் சில இலகு இயந்திரத் துப்பாக்கிகளும், ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் இழுத்துவிட வேண்டிய பழைய .303 ரைபிள்களும் மாத்திரமே துணை. மிதிவெடிகள் புதைக்கப்படவில்லை. பதுங்குகுழிகளுக்கு மேலே எறிகணையைத் தாங்கும் மூடி இல்லை. அந்தக் குளிருக்கு ஏற்ற உடுப்பும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்றைய ஹரியானாவின் ரேவாரி, குர்கான் பகுதிகளைச் சேர்ந்த அஹீர் குடும்பங்களின் பிள்ளைகள். வெயிலும் புழுதியும் நிறைந்த சமவெளியில் வயலும் மாடுமாக வளர்ந்தவர்கள். சூசுலுக்கு வந்து சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த உயரத்தில் ஒரு குழி தோண்டுவதற்கே மூச்சு வாங்கும் என்பதைப் பிள்ளை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும்.

1962 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பனி பெய்திருந்தது. விடியுமுன்னரே சீனப் படையினர் பள்ளங்களின் வழியாக ஏறி வந்தார்கள். காத்திருந்தவர்கள் சுட்டார்கள், முதல் அலை பள்ளங்களிலேயே உடைந்தது. அதன் பின்னர் எறிகணைகள் பொழிந்தன; அடுத்தடுத்த அலைகள் வந்தன; கடைசியில் பக்கத்திலிருந்தும் பின்புறமிருந்தும் தாக்குதல் வந்தது. மேஜர் தன் நிலையிலேயே இருந்துகொண்டு கட்டளை இடக்கூடிய நிலைமை அன்று இல்லை. அவர் ஒரு பிளாட்டூனிலிருந்து மற்றொன்றுக்குத் திறந்த வெளியில் போய்வந்தார். அப்படிப் போய்வந்தபோதுதான் காயம்பட்டார். காயத்தோடும் நடத்தினார். அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க முயன்றவர்கள் மீது இயந்திரத் துப்பாக்கி திரும்பியதும், தன்னை விட்டுவிட்டுப் போகும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டார். இது அவருக்கு வழங்கப்பட்ட, இந்தியாவின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்கரத்தின் குறிப்பிலேயே இருக்கும் செய்தி. ஒரு பாறையின் மறைவில் அவரை வைத்துவிட்டு அவர்கள் இறங்கினார்கள். இரண்டு கிழமை கழிந்திருந்தால் அவருக்கு 38 வயது நிறைந்திருக்கும்.

மோட்டார்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அங்கே இருந்த ஆயிரம் குண்டுகளில் ஏழு மட்டுமே எஞ்சியிருந்தன என்றும், அந்த ஏழும் எறிவதற்கு ஆயத்தமாக இருந்தன என்றும் ரெய்னா பின்னாளில் பதிந்திருக்கிறார். "இறுதிவரை போராடினார்கள்" என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஏழு என்ற எண்ணை ஒருமுறை சொன்னால் போதும்.

சூசுல் நினைவுச்சின்னம் 114 பேரை நினைவுகூர்கிறது. ஒரு பரம் வீர் சக்கரமும் எட்டு வீர் சக்கரங்களும் இந்த ஒரே கம்பனிக்குக் கிடைத்தன.

இனி அந்த 1,300. எதிரியின் இழப்பைப் பற்றி இந்தியத் தரப்பில் 500 முதல் 1,300 வரை பல எண்கள் உலவுகின்றன. சீனாவோ, ஒரு மாதம் நடந்த அந்தப் போர் முழுவதிலும் எல்லா முனைகளிலுமாகத் தன் தரப்பில் இறந்தோர் 722 பேர் என்று கணக்குக் காட்டுகிறது. தன் இழப்பைக் குறைத்துச் சொல்வது எந்த அரசுக்கும் வழக்கம்தான். என்றாலும் இரண்டு கணக்குகளுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, பேச்சுப் போட்டி மேடையில் பெரிய எண்ணைத் தூக்கிப் பிடிப்பது தேவையற்றது. "எதிரிக்குப் பேரிழப்பு" என்பதோடு நிறுத்தட்டும். கொன்ற எண்ணிக்கையைக் கொண்டு அந்த 120 பேரை அளக்கும் எண்ணமே எனக்கு உவப்பில்லை.


சம்மாந்துறை வயற்காரன் எழுதியது:

ரீச்சர், ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நல்ல விளக்கம். ஆனால் அவர் மூன்றாவது கேள்விக்கு மலைமுகடு என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலைமுகடு அன்று காலையில் முளைத்ததா? அது அங்கேயே இருந்தது. பீரங்கி எட்டாது என்பது தெரிந்தேதான் அங்கே ஆட்களை நிறுத்தினார்கள்.

எங்கள் வயற்கண்டத்தில் கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலுக்குப் பரண் கட்டுவோம். பரணில் ஏறுகிறவனுக்கு யானை வெடியும் டோர்ச் லைட்டும் கொடுத்து, அடுத்த பரணில் இருப்பவனுக்குக் கூப்பிட்டால் கேட்குமா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம். ஒரு வருடம், பேரைச் சொல்ல விரும்பவில்லை, வெடி வாங்கும் காசு வேறெதற்கோ போய்விட்டது. பரணில் இருந்த பொடியன் இறங்கி ஓடவில்லை. தகரத்தைத் தட்டிக்கொண்டே நின்றான். கால் முறிந்ததோடு உயிர் தப்பினான். அடுத்த கூட்டத்தில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெடி ஏன் வாங்கவில்லை என்று கேட்க எழுந்தவனை, நல்ல காரியம் நடக்கும் நேரத்தில் குழப்பம் செய்யாதே என்று உட்கார வைத்தார்கள். ரேசாங் லா கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொன்னாடைதான் கண்ணுக்குள் வருகிறது.

1961 நவம்பரில் டெல்லி எடுத்த முடிவு, சர்ச்சைக்குரிய நிலத்தில் முன்னே முன்னே போய்ச் சிறு காவலரண்களை அமைப்பது. சீனா திருப்பி அடிக்காது என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. அடித்தபோது என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. இந்தியாவின் கணக்குப்படியே 1,383 பேர் இறந்தார்கள், 3,968 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள், இவர்களைவிடக் காணாமற்போனோர் வேறு. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். என்ன பிழை நடந்தது என்று ஆராய இராணுவமே ஒரு குழுவை வைத்தது. ஹென்டர்சன் புறூக்ஸ், பகத் என்ற இருவரும் 1963 இல் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை முழுமையாக வெளியிடவில்லை. 2014 இல் ஒரு பகுதி இணையத்தில் வந்ததும்கூட அரசு வெளியிட்டு வந்ததல்ல. நெவில் மக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் போட்டது.

சூசுலைக் காப்பாற்றினார்கள் என்ற வரியும் யோசித்துச் சொல்ல வேண்டியது. ரேசாங் லாவும் குருங் குன்றும் கைவிட்டுப் போன பின்னர் பிரிகேட் பின்வாங்கி வேறு உயரங்களுக்குப் போய்விட்டது. சீனப் படை சூசுலுக்குள் இறங்கவில்லை. நவம்பர் 21 இல் தானாகவே போரை நிறுத்தியது. அந்த முனையில் சீனா தான் உரிமை கோரிய கோட்டை எட்டியதும் நின்றுவிட்டது, அதற்கு மேல் வரும் எண்ணமே அதற்கு இருக்கவில்லை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அது உண்மையானால், ரேசாங் லாவில் யார் நின்றாலும் நிற்காவிட்டாலும் முடிவு ஒன்றுதான். அந்த 114 குடும்பங்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

வீரத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுக்க வேண்டாம். பிள்ளை பேசட்டும். பேச்சில் ஒரு நிமிடமாவது வெடி வாங்காதவர்களைப் பற்றியும் பேசட்டும்.


கல்முனைத் தாதி எழுதியது:

அக்கா, நான் சரித்திரம் படித்தவள் அல்லள். தாதியாக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்கிறேன். ரேசாங் லாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு மனிதரைத் தேடிப் போய் அறிந்தவை.

அந்தக் கம்பனியோடு தரம்பால் சிங் தஹியா என்ற ஒரு மருத்துவ உதவியாளர் இருந்தார். இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஆண் தாதி. மாதக்கணக்கின் பின்னர் அவருடைய உடலைக் கண்டெடுத்தபோது, கையில் ஊசிமருந்துச் சிரிஞ்சும் பண்டேஜும் இருந்தன. அவருக்கும் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. மற்றவர்கள் கையில் துப்பாக்கி இறுகியிருந்ததைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். இவரைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. அந்தக் குளிரில் மருந்துக் குப்பியில் இருக்கும் மருந்தே உறைந்துவிடும். நாளத்தைத் தேடிப் பிடிக்க விரல் ஒத்துழைக்காது. காயம்பட்டவனைக் கீழே அனுப்பும் வழியும் இல்லை. இன்னும் அரை மணி நேரத்தில் தானும் போய்விடுவோம் என்று தெரிந்த ஒருவர், அடுத்தவருக்கு ஊசி போடக் குனிந்திருக்கிறார். 120 பேர் கொண்ட கம்பனியில் காயம்படாதவர் மிகச் சிலரே எஞ்சியிருந்த காலைப்பொழுது அது. அவர் யாரிடம் முதலில் போனார், யாரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது என்ற யோசனை எனக்கு இரவு வேலையின்போது சிலவேளை வரும்.

உங்கள் மாணவியின் பேச்சில் உடல்கள் கிடைத்த கதை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். நவம்பர் 18 இல் நடந்தது. பெப்ரவரி 1963 வரை அந்த மலையில் என்ன கிடந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பனி மூடியிருந்தது. உயிரோடு திரும்பிய ஒரு சிலர் நடந்ததைச் சொன்னார்கள். மேலிடத்தில் அவர்களை நம்பவில்லை. கம்பனி ஓடியிருக்கும், சரணடைந்திருக்கும் என்றே பேச்சு அடிபட்டது. அதே நாட்களில் போரின் கிழக்கு முனையில் சே லா, பொம்டிலா என்று பெரிய பெரிய நிலைகளெல்லாம் சரிந்துகொண்டிருந்தபோது, 120 பேர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று ஒரு காயக்காரன் வந்து சொன்னால் யார் நம்புவார்? ஊர்களில் அந்தப் பெண்களின் காதில் என்னென்ன விழுந்திருக்கும்?

பிறகு ஆடு மேய்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் போனார். அவர் சொல்லித்தான் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு ஆட்கள் மேலே ஏறினார்கள். குழிகளில் இருந்தவர்கள் குழிகளிலேயே இருந்தார்கள். மேஜரும் அவரை வைத்துவிட்டுப் போன அதே பாறையின் ஓரத்தில் இருந்தார். மற்றவர்களுக்குச் சூசுலிலேயே தகனம் நடந்தது. அவரது உடலை மட்டும் ஜோத்பூருக்குக் கொண்டுபோனார்கள்.

நான் காரைதீவில் வாழ்க்கைப்பட்டவள். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தக் கரையில் என் மாமியின் மகள் போனாள், உடல் கிடைக்கவில்லை. மாமி ஐந்து வருடம் வெள்ளைச்சேலை கட்டவும் இல்லை, வண்ணச்சேலை கட்டவும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். திவசத்துக்கு நாள் குறிக்க ஐயரிடம் போனவர் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். நவம்பரிலிருந்து பெப்ரவரிவரை ரேவாரியில் இருந்த வீடுகளை நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். இதைச் சொன்னால் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், அக்கா.


வட்டக்களரி எழுதியது:

நான் கூத்துக்காரன், மத்தளம் பிடிப்பவன். பேச்சின் அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் வடமோடிக் கூத்தில் வீரன் ஒருவன் களரிக்குள் வந்தால், வரவுப் பாட்டோடும் தாளக்கட்டோடும் தன் குலத்தையும் வில்லையும் சொல்லிக்கொண்டுதான் வருவான். பிள்ளைகள் மேடையில் பேசும் வீரப் பேச்சுகள் பெரும்பாலும் இந்த வரவோடு தொடங்கி, அதே உச்சத்திலேயே ஓடி, மூச்சு முட்டி முடிகின்றன. அபிமன்யுவின் கதையைப் பாருங்கள். வியூகத்துக்குள் போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது என்பதைச் சபையோர் முன்கூட்டியே அறிந்திருப்பதனாற்றான் அவன் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் நெஞ்சை அறுக்கிறது. பின்னால் வர வேண்டியவர்களை வாயிலில் சயத்திரதன் மறித்து நிற்கிறான் என்பதையும் கூத்தை நடத்தும் அண்ணாவியார் ஒருபோதும் விட்டுவிட மாட்டார். ஆகவே சம்மாந்துறை வயற்காரக் காக்கா (அண்ணன்) கேட்பது பேச்சைக் குலைக்காது. பேச்சுக்குத் தேவையானது அதுதான். பீரங்கியை மறித்த மலைமுகட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், அதன் பின்னர் வரும் ஒவ்வொரு வரியையும் சபை வேறு காதால் கேட்கும்.

இன்னொன்று. பழந்தமிழ்ப் புறத்திணையில், போர்க்கள மோதலைப் பாடும் தும்பையின் துறைகளுள் எருமை மறம் என்று ஒன்று உண்டு. தன் படை உடைந்து பின்வாங்கும்போது, ஒருவன் தனித்துப் பின்னே நின்று எதிரிப்படையைத் தாங்குவது. சிங்கமும் புலியும் இருக்க ஏன் எருமை என்று பட்டணத்துப் பிள்ளை கேட்கும். நம் படுவான்கரைக் கிராமத்துப் பிள்ளை கேட்காது. எருமை நின்றுவிட்டால் நின்றதுதான். மழைக்கும் நகராது, அடிக்கும் நகராது. அதில் பாய்ச்சலோ கர்ச்சனையோ இல்லை. ரேசாங் லாவில் நடந்தது அந்த வகை மறம் என்று எனக்குப் படுகிறது. ஒரு வேடிக்கையும் இருக்கிறது: நம் பட்டிகளில் பால் கூடுதலாகக் கறக்கிறது என்று பெருமையாகப் பேசும் முறா இன எருமையின் தாயகமும் அந்த ஹரியானாப் பக்கந்தான். பிள்ளை விரும்பினால் இதைச் சொல்லட்டும். எருமை என்ற சொல்லுக்குச் சபை சிரித்தால் சிரிக்கட்டும். மேஜரின் பெயருக்குச் சிரித்து அடங்கிய வகுப்பைப் போல இதுவும் அடங்கும்.


காரைதீவு ஓய்வுநிலை ஆசிரியர் மீண்டும் எழுதியது:

வயற்காரத் தம்பியின் கண்டனத்தை ஏற்றுக்கொள்கிறேன். மலைமுகடு என்று எழுதியபோது அது யாரோ ஒருவரின் தெரிவு என்பதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் எழுதும் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

ஆனால் "யார் நின்றாலும் முடிவு ஒன்றுதான்" என்ற வாதத்தை அப்படியே விட முடியாது. நவம்பர் 18 காலையில் ரேசாங் லாவில் இருந்தவர்களுக்கு, சீனா எந்தக் கோட்டில் நிற்கப்போகிறது என்பதோ மூன்று நாளில் போர் நிற்கப்போகிறது என்பதோ தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்களுக்குப் பின்னால் சூசுல் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது, தங்களுடைய பட்டாலியனின் மற்றக் கம்பனிகள் இருக்கின்றன என்பவைதாம். நாம் அறுபது ஆண்டுகள் கழித்துப் பெற்ற அறிவை அவர்கள் தலையில் ஏற்றி, நின்றது வீண் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. பெய்ஜிங்கில் என்ன எண்ணினார்கள் என்பதை வைத்து டெல்லியைக் கேள்வி கேளுங்கள். குழிக்குள் இருந்தவனைக் கேட்காதீர்கள். பிள்ளை எழுதிய வரியை "சூசுலின் வாயிலில் நின்றார்கள்" என்று மாற்றினால் யாரும் மறுக்க முடியாது.

நடுவர்கள் நம் நாட்டோடு என்ன தொடர்பு என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்று தருகிறேன். போர் நின்ற பின்னர் இரு நாடுகளையும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவருவதற்காக, 1962 டிசெம்பரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் அணிசேரா நாடுகள் ஆறின் மாநாட்டைக் கூட்டினார். இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, எகிப்து ஆகியவை அந்த ஆறும். அதன் யோசனைகளை எடுத்துக்கொண்டு அவரே பெய்ஜிங்குக்கும் டெல்லிக்கும் போனார். அப்போது நான் சிறுபையன். எங்கள் ஊர் வாசிகசாலையில் வானொலியைச் சுற்றிப் பெரியவர்கள் நின்றதும், லடாக் எங்கே இருக்கிறது என்று சுவரில் தொங்கிய படத்தில் தேடியதும் நினைவிருக்கிறது. கொழும்பில் அவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களிலும் சார்லி கம்பனி பனிக்கு அடியிலேயே இருந்தது என்பது, தாதி மகள் எழுதியதை வாசித்த பின்னர்தான் எனக்கு உறைத்தது. இத்தனை ஆண்டு படிப்பித்தும் இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.


மண்டூர் ஆசிரியை மீண்டும் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் மாணவியை வீட்டுக்கு வரச்சொல்லி இவற்றையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 1,300 என்ற எண்ணை அவளே கோடிட்டு வெட்டினாள். அந்த இடத்தில் ஏழு மோட்டார் குண்டுகள் வந்திருக்கின்றன. "சூசுலும் லே நகரமும்" என்ற வரி "சூசுலின் வாயிலில்" என்று மாறிவிட்டது. வெடி வாங்காதவர்களுக்கு அவள் ஒரு நிமிடம் தரவில்லை. முக்கால் நிமிடம் தந்திருக்கிறாள். காக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தரம்பால் சிங் தஹியாவைப் பற்றி வாசித்தபோது அவள் சற்று நேரம் எழுதாமல் இருந்தாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். பிறகு, பேச்சை மேஜரிலிருந்து தொடங்க வேண்டாம், ஆட்டுக்காரரிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டாள். தொடங்கலாம் என்றேன். அவருக்கு வரவுப் பாட்டு ஒன்றும் இல்லையே, களரிக்காரர் என்ன சொல்வார் என்று கேட்கச் சொன்னாள், இங்கே கேட்டுவிட்டேன்.

எருமை மறத்தை வைத்துக்கொள்வதா என்பதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. நான் வேண்டாம் என்கிறேன். அவள் வேண்டும் என்கிறாள். போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.